தனித்திருக்கும் குட்டிகள்

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே, அண்டார்க்டிகாவுக்குச் செல்லும் வழியில் மக்வாரி என்னும் சிறு தீவு உள்ளது. அதன் கரையில் பிறக்கும் யானை சீல் குட்டி மூன்று வாரங்களுக்குச் சற்று அதிகமாகவே தாய்ப்பால் குடிக்கிறது. பின்னர்த் தாய் கடலுக்குப் போய்விடுகிறது. குட்டி ஆழமற்ற நீரில் தானே நீந்தப் பழகுகிறது. அதே தீவில் கிங் பெங்குவின் குஞ்சுகளும் தனித்து விடப்படுகின்றன. ஆயினும் அவற்றின் பெற்றோர் இரையுடன் திரும்பி வந்து, குரலைக் கொண்டே தம் குஞ்சை அறிந்து ஊட்டுகின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும், முன்னது பிரிவு; பின்னது காத்திருத்தல்.

இவ்வாறு காத்திருக்கும் குட்டியைக் காணத் தென் சமுத்திரம் வரை செல்ல வேண்டுவதில்லை. பெங்களூரில் மல்லேஸ்வரத்தை அடுத்து, 1909இல் தோன்றிய இந்திய விஞ்ஞானக் கழகத்தின் மரச்செறிவில் தேவாங்குகள் வாழ்கின்றன. கால் கிலோ அளவே எடையுள்ள, வாலற்ற, பெருவிழிகளையுடைய இப்பிராணி இரவில் பூச்சிகளைத் தின்று வாழ்வது. கன்னடத்தில் இதன் பெயர் காடுபாப்பா, அதாவது காட்டுக் குழந்தை. 2014ஆம் ஆண்டு முதல் நகர மக்களில் ஆர்வமுடையோர் சிவப்பொளி விளக்குகளுடன் இரவில் நடந்து இவற்றைக் கணக்கெடுத்து வந்துள்ளனர்.

திண்டுக்கல் பகுதியில் தேவாங்குகளை ஆராய்ந்த சிந்து ராதாகிருஷ்ணா, மேவா சிங் முதலிய விஞ்ஞானிகள் இவற்றின் குட்டி வளர்ப்பை விளக்கியுள்ளனர். முதற் சில வாரங்கள் குட்டி தாயின் வயிற்றைப் பற்றிக்கொண்டே செல்கிறது. அதன்பின் தாய் அந்தியில் அதனை ஒரு கிளையில் விட்டு இரை தேடப் போகிறது. விடியுமுன் திரும்பி அழைத்துச் செல்கிறது. இடையில் ஆண் தேவாங்குகளும் குட்டியிடம் வந்து போவதுண்டு.

தேவாங்கு தாவுவதில்லை, கிளையோடு கிளை தொடும் வழியிலேயே ஊர்ந்து செல்லும். சாலைக்காகவோ மின்கம்பிக்காகவோ ஒரு கிளையை வெட்டினால், தாய் குட்டியிடம் திரும்பும் பாதையே அறுந்துபோகலாம். மூடநம்பிக்கையால் பிடிக்கப்படுவதும் மற்றோர் அபாயம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதனைப் பிடிப்பதைத் தடுக்கிறது. 2022இல் தமிழக அரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்த் தேவாங்குச் சரணாலயத்தை அமைத்தது.

ஆகவே, இரவில் கிளையொன்றில் தனித்திருக்கும் குட்டியைக் காண்போர், அதனை அநாதையென எண்ணி எடுத்துச் செல்லலாகாது. காயமுற்றோ தரையில் விழுந்தோ கிடந்தால் வனத்துறையினருக்குத் தெரிவிக்கலாம். மற்றபடி விளக்கை அணைத்து அகல்வதே அதற்குச் செய்யும் உதவியாகும், தாய் வந்துகொண்டிருக்கிறது.