உஷார்! வலது கையை நீட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

தனுவச்சபுரம் ஐ.டி.ஐ.யில் படிக்கிற பிள்ளைகளுக்கும், வேலுத்தம்பி நினைவு என்.எஸ்.எஸ். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்கும் அவசரமாக ஒரு சேதி. டாட்டூ குத்த அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா? இந்த வாரமே போவதாக இருக்கிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். எந்தக் கையில் என்று கடைக்காரரிடம் பேசிவிட்டீர்களா?

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் இருக்கும் நம் ஊர்களில் பட்டாளத்துக்கும் சி.ஆர்.பி.எப்.புக்கும் போக ஆசைப்படுகிற பையன்கள் நிறையப் பேர். மாதக்கணக்கில் விடியற்காலையில் எழுந்து ஓடுகிறார்கள், கயிறு ஏறுகிறார்கள், பயிற்சிக்குப் பணம் கட்டுகிறார்கள். அத்தனையும் இரண்டு மணி நேரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததால் வீணாகலாம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, விதியே அப்படித்தான் இருக்கிறது.

தரைப்படையின் அக்னிவீர் அறிவிப்பை எடுத்துப் படியுங்கள். நிரந்தரமாகக் குத்திய பச்சை முன்கையின் உட்புறத்தில், முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை இருக்கலாம்; புறங்கையில் இருக்கலாம். உடம்பில் வேறெங்கே இருந்தாலும் ஆள் வெளியே. பழங்குடியினருக்கு மட்டும் அவர்கள் வழக்கத்தை ஒட்டித் தளர்வு உண்டு. சி.ஆர்.பி.எப்., பி.எஸ்.எப்., சி.ஐ.எஸ்.எப். போன்ற மத்திய ஆயுதப் படைகளில் விதி இன்னும் இறுக்கம். அங்கே முன்கை என்றால் இடது முன்கை மட்டும்தான், ஏனென்றால் வலது கை சல்யூட் அடிக்கிற கை, இல்லையென்றால் புறங்கை. அளவும் அந்த உறுப்பில் கால் பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஆக, வலது முன்கையின் உட்புறத்தில் அம்மா பெயரைக் குத்திக்கொண்டவன் பட்டாளத் தேர்வில் தப்பிவிடலாம். அதே கையோடு சி.ஆர்.பி.எப். மருத்துவப் பரிசோதனைக்குப் போனால் தகுதியில்லை என்று எழுதிவிடுவார்கள். இதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனவர்கள் இருக்கிறார்கள். வழக்கு நடக்கிற வேகத்தில் வயது வரம்பு நமக்காகக் காத்திருக்காது.

இந்த விதி டாட்டூ போடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் கேட்கவும் மாட்டார். “அண்ணா, நான் படைத் தேர்வுக்குப் போகிறேன், இடது கையில்தான் வேண்டும், இவ்வளவுக்கு மேல் பெரிதாகக் கூடாது” என்று நீங்கள்தான் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். சொன்னதை வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பிவிட வேண்டும்.

வாய்ப்பேச்சை நம்பி யாரும் கையை நீட்டாதீர்கள். “சின்னதா ஒரு மயில்” என்று நீங்கள் சொல்கிறீர்கள். உங்கள் மனதில் இருப்பது கட்டைவிரல் அளவு. அவர் மனதில் இருப்பது உள்ளங்கை அளவு. இருவர் மீதும் தப்பில்லை. ஸ்கேலை எடுத்து நீளம் 6 சென்டிமீட்டர், அகலம் 4 சென்டிமீட்டர் என்று எண்ணாகச் சொன்னால் இந்தக் குழப்பம் வராது. இடத்தையும் வாயால் சொல்லாமல் பேனாவால் கையில் கோடு போட்டுப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். இங்கே நாம் பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசிப் பழகியவர்கள். கடைக்குப் போவதோ நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம், இல்லையென்றால் களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டம், நாகர்கோவில். கேட்பவருக்கு எது எப்படிப் புரிந்தது என்று ஊசி இறங்கிய பிறகுதான் தெரியவருமென்றால் அது மிகவும் தாமதம்.

இதைவிட எனக்குப் பெரிய பயம் எழுத்து விஷயத்தில். இறந்துபோன பாட்டியின் பெயரைத் தமிழில் குத்திக்கொள்ள ஆசைப்படுகிறான் ஒரு பேரன். பெயர் பொன்னம்மாள் என்று வைத்துக்கொள்வோம். டாட்டூ போடுகிறவர் மலையாளம் மட்டும் படிக்கத் தெரிந்தவர். அவர் பெயரை மலையாளத்தில் தட்டிப் போனில் தமிழ் எழுத்துக்கு மாற்றுகிறார். மலையாளத்தில் ‘ந’வுக்கும் ‘ன’வுக்கும் ஒரே எழுத்துத்தான். ஆகவே எந்திரம் அவருக்குக் கொடுப்பது ‘பொந்நம்மாள்’. அவர் கண்ணுக்கு அது அழகான தமிழ் எழுத்து, அவ்வளவுதான். இன்னொரு கடைக்காரர் நீங்கள் அனுப்பிய தமிழைப் படம் வரைகிற மென்பொருளில் ஒட்டுகிறார். இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்வு செய்யாவிட்டால் அதில் தமிழ் உடைந்து போகும். ‘பொ’வின் கொம்பு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், அல்லது தனியே ஒரு புள்ளி வட்டத்தோடு தொங்கும். எழுத்தை அலங்காரமாக வளைக்கிறேன் என்று புள்ளிகளை எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அப்போது பாட்டி ‘பொனனமமாள’ ஆகிவிடுவாள். அந்தப் பெயரைப் பேரன் சாகும்வரை கையில் சுமக்க வேண்டும்.

உலகப் புகழ் பெற்றவர்களுக்கே இது நடந்திருக்கிறது. கால்பந்து வீரர் டேவிட் பெக்காம் 2000ஆம் ஆண்டில் மனைவி விக்டோரியாவின் பெயரை இந்தி எழுத்தில் கையில் குத்திக்கொண்டார். இந்தி தெரிந்தவர்கள் படித்துவிட்டு, தேவையில்லாத ஓர் எழுத்து நடுவில் புகுந்திருக்கிறது என்று சொன்னார்கள். பணமும் ஆளும் படையும் உள்ள மனிதருக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் முன்கூட்டியே காட்டத் தோன்றவில்லை. நமக்கு அந்தக் கஷ்டமே கிடையாது. தமிழ் வாசிக்கிற ஆசிரியர், அத்தை, பக்கத்து வீட்டு மாமா என்று நம் தெருவிலேயே ஆள் இருக்கிறது. பெயரை நீங்களே தாளில் தெளிவாகக் கையால் எழுதி, படமெடுத்து அனுப்புங்கள்; போனில் தட்டி அனுப்பாதீர்கள். அவர் வரைந்ததைத் திருப்பி வாங்கி, தமிழ் படிக்கத் தெரிந்த இரண்டு பேரிடம் எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறினால் வரைபடம் தப்பு.

வரைந்து முடித்தபின் ஸ்டென்சிலைத் தோலில் ஒட்டுவார்கள். ஊதா நிறத்தில் கோடுகள் பதியும். இதுதான் உங்கள் கடைசிக் கட்டம். அவசரப்படாமல் எழுந்து நின்று, கையைத் தொங்கவிட்டு, மடக்கி, கண்ணாடியில் பாருங்கள். கண்ணாடியில் எழுத்து இடவலம் மாறித்தான் தெரியும், அதனால் போட்டோவும் எடுத்துப் பாருங்கள். பிடிக்கவில்லையென்றால் சொல்லுங்கள், துடைத்துவிட்டு மறுபடி ஒட்ட ஐந்து நிமிடம் போதும். “அவர் கஷ்டப்பட்டு வரைந்தாரே, எப்படிச் சொல்வது” என்ற கூச்சம்தான் இங்கே பலரைக் கெடுக்கிறது. நல்ல கலைஞர் இந்தக் கட்டத்தில் கோபப்பட மாட்டார். கோபப்படுகிறவரிடம் அட்வான்ஸை விட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அப்பா முகத்தைக் குத்த வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் பத்துக் கை மாறி வந்த மங்கலான படத்தைக் கொடுக்காதீர்கள். மூலப் போட்டோவைத் தேடி எடுங்கள். தோலுக்குள் போன மை வருஷம் போகப் போகக் கொஞ்சம் பரவும். சின்ன முகத்தில் கண்ணும் மூக்கும் ஒன்றாகிக் கறையாகிவிடும். ‘இந்த அளவில் முகம் வராது, பெரிதாகப் போட வேண்டும்’ என்று அவர் சொன்னால் காசுக்காகச் சொல்கிறார் என்று சந்தேகப்படாதீர்கள். அவருடைய பழைய வேலைகளைப் பார்க்கும்போது, போட்ட அன்றே எடுத்த பளபள படங்களை ஒதுக்கிவிட்டு, ஆறி ஒரு வருஷம் ஆன படங்களைக் கேளுங்கள், அதுவும் நம்மைப் போன்ற மாநிறத் தோலில். மஞ்சளும் வெள்ளையும் நம் தோலில் நிற்பது கடினம்.

கேட்டதற்கெல்லாம் “செய்யலாம், செய்யலாம்” என்று தலையாட்டுகிறவரைக் கண்டால் எனக்கு இன்னும் கவலை. 2024 டிசம்பரில் திருச்சியில் ஒரு டாட்டூ கடையில் நாக்கை இரண்டாகப் பிளக்கும் வேலையைச் செய்ததற்காக இரண்டு இளைஞர்களைப் போலீஸ் கைது செய்தது. மாநகராட்சி கடைக்கு சீல் வைத்தது. மருத்துவர் செய்ய வேண்டிய அறுவையைக் கடையில் வைத்துச் செய்யத் துணிகிற காலம் இது. முடியாது என்று சொல்லத் தெரிந்தவரைத் தேடுங்கள்.

நீங்களும் அவரிடம் சில உண்மைகளை மறைக்கக் கூடாது. சர்க்கரை நோய், வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, கர்ப்பம், காயம் ஆறினால் தடித்துப்போகிற தோல், எதையும். மச்சத்தின் மேல் குத்தக் கேட்காதீர்கள். பிற்காலத்தில் அந்த மச்சம் மாறினால் கண்டுபிடிக்க முடியாது. ஊசி உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றும் ரத்தம் பட்ட ஊசியால் பரவும். மை எந்தக் கம்பெனி, காலாவதி எப்போது, நிழல் போடும் சாம்பல் நிறத்துக்கு எதைக் கலக்கிறார் என்று கேளுங்கள். 2011 கடைசியில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் பலருக்குத் தோலில் பிடிவாதமான தொற்று வந்ததற்குக் காரணம், கிருமி நீக்காத நீர் கலந்து தயாரித்த சாம்பல் மை. 2025 பிப்ரவரியில் கர்நாடக சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டுராவ், தங்கள் மாநிலத்தில் சோதித்த டாட்டூ மைகளில் 22 வகை உலோகங்கள் இருந்ததாகச் சொன்னார். பஞ்சாயத்து அல்லது நகராட்சி உரிமத்தைக் கடைச் சுவரில் தேடுங்கள். குத்திய பிறகு 12 மாதம் ரத்த தானம் செய்ய முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். வீட்டில் யாருக்காவது அறுவை சிகிச்சை குறித்திருந்தால் அதற்குப் பிறகு குத்திக்கொள்ளலாம்.

பெண் பிள்ளைகளே, உங்களுக்குத் தனியாக. 2022 மார்ச்சில் கொச்சியில் ஒரு டாட்டூ கலைஞர் மீது பல பெண்கள் பாலியல் அத்துமீறல் புகார் கொடுத்தார்கள். அவர் கைது செய்யப்பட்டார். எந்த இடத்தில் குத்தினாலும், எங்கே தொடப் போகிறார், எவ்வளவு துணி விலக வேண்டும் என்று முன்பே கேட்டுவிடுங்கள். கூட ஒரு ஆளை அழைத்துப் போங்கள். கூட வந்தவரை உள்ளே விடமாட்டேன் என்றால் அந்தக் கடை வேண்டாம். நடுவில் மனம் ஒப்பவில்லையென்றால் பாதிக் கோட்டோடு எழுந்து வந்துவிடுங்கள், பாதிக் கோட்டைப் பிறகு வேறு யாரேனும் முடித்துக்கொடுப்பார்கள். கேரளத்தில் பெண்கள் உதவி எண் 181, அவசரத்துக்கு 112.

பில் கேளுங்கள். கொடுக்காவிட்டாலும் ஜிபேயில் கட்டிய கணக்கும், வரைபடத்தை ஒப்புக்கொண்ட வாட்ஸ்அப் பேச்சும் சாட்சிதான், அழிக்காதீர்கள். ஒப்புக்கொண்ட வரைபடம் ஒன்று, குத்தியது வேறொன்று என்றால் அது சேவைக் குறைபாடு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். மார்த்தாண்டத்தில் குத்தியதற்கு நாகர்கோவிலுக்கு அலைய வேண்டாம், திருவனந்தபுரம் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆலோசனைக்கு 1915.

ஏற்கெனவே வலது கையில் குத்திவிட்டவர்களுக்குக் கடைசியாக. ஊரில் யாரோ சொன்னார்கள் என்று ஆசிட் களிம்பு தடவாதீர்கள். தழும்பு தடித்துப்போனால் அதுவும் மருத்துவப் பரிசோதனையில் பிரச்சினை. தோல் மருத்துவரிடம் போங்கள். லேசரில் கறுப்பு மை ஓரளவு நன்றாகப் போகும், பச்சையும் நீலமும் லேசில் போகாது. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் பல வாரம் இடைவெளி விட்டுப் பல தடவை செய்ய வேண்டும். அடுத்த ஆள்சேர்ப்புக்கு எடுக்க நினைக்கிறவர்கள் இந்த மாதமே தொடங்கினால்தான் நேரம் போதும்.