உங்களுக்குத் தெரியுமா? மேட்டுநிலத்தில் ஒற்றைத் தூண்!

இங்கிலாந்தின் மரமற்ற மூர் மேட்டுநிலங்களில் நடப்பவர்கள் கண்ணில் திடீரென நாலடி உயரக் கான்கிரீட் தூண் ஒன்று படும். கல்லறையோ என்று பயப்பட வேண்டாம், சர்வே தூண்தான். 1936இல் தொடங்கிய மறுஅளவீட்டுக்காக ஆர்டனன்ஸ் சர்வே நிறுவனம் பிரிட்டன் முழுக்க ஆறாயிரத்துக்கும் மேல் நட்டது. உச்சியில் பதித்த பித்தளைத் தட்டில் மூன்று பள்ளங்கள் இருக்கும். கோணம் அளக்கும் தியோடலைட் கருவியின் மூன்று கால்களும் அவற்றில் கச்சிதமாக உட்காரும்.

இங்கிலாந்தின் பிளாக் ஹில் என்ற குன்றில் இப்படியொரு தூண் நிற்கும் மேட்டின் பெயர் ‘சோல்ஜர்ஸ் லம்ப்’. முந்தைய அளவீட்டுக்கு வந்த ராணுவப் பொறியாளர்களால் வந்த பெயர். 1841இல் அங்கே பழைய தியோடலைட்டைத் தாங்கிய மரச்சட்டமே கிடைத்தது!

ஜி.பி.எஸ். வந்தபின் தூண்களுக்கு வேலை போய்விட்டது. ஆனாலும் மூடுபனியில் வழி தவறியவருக்கு, வரைபடத்தில் குறித்த தூணைக் கண்டுவிட்டால் போதும், நிற்கும் இடம் தெரிந்துவிடும்.