ஈரல் என்சைம் கூடினால் குடிப்பவர் என்று அர்த்தமா?

வளைகுடா வேலைக்கு மெடிக்கல் எடுக்கப் போன பிள்ளைக்கு 'எஸ்.ஜி.பி.டி. கூடுதல்' என்று ரிப்போர்ட் வந்தால், நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "இவன் வெளியில் குடிக்கிறானோ?" என்பதுதான். மது ஹராம் என்று வளர்ந்த குடும்பத்தில் இது சின்ன சந்தேகமல்ல. அதற்குப் பயந்தே ரிப்போர்ட்டை யாரிடமும் காட்டாமல் அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மருத்துவம் சொல்வது நம் வேலையல்ல. ஆனால் அந்தக் காகிதம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை எல்லோரும் விளங்கிக்கொள்ளலாம்.

எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. இரண்டும் ஈரல் செல்களுக்குள் இருந்து வேலை செய்யும் என்சைம்கள். சில ரிப்போர்ட்டுகளில் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். செல் பாதிக்கப்பட்டால் இவை இரத்தத்தில் கசிகின்றன. ஆக, எண் கூடியிருப்பது ஈரலை ஏதோ ஒன்று தொந்தரவு செய்கிறது என்பதற்கான அடையாளம். அந்த 'ஏதோ ஒன்று' எது என்பதை எண் மட்டும் சொல்லாது.

பொதுவாக 40 யூனிட் அளவில் மேல் எல்லை இருக்கும். லேபுக்கு லேப் மாறும் என்பதால் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையைத்தான் பார்க்க வேண்டும். 60, 80 என்று வருவது ஒரு ரகம். 1000-ஐத் தாண்டுவது வேறு ரகம். மஞ்சள் காமாலை வைரஸ், அளவு மீறிய பாராசிட்டமால் போன்றவை அப்படி ஏற்றும். அதற்கு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் உண்டு. முந்தைய நாள் ஜிம்மில் கடுமையாக எடை தூக்கியிருந்தாலும் அது கூடலாம். ஏ.எல்.பி. என்ற மற்றொன்று எலும்பிலிருந்தும் வரும். வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடுதலாக இருப்பது இயல்பு.

இனி அந்தச் சந்தேகத்துக்கு வருவோம். மதுவால் கெட்ட ஈரலில் பெரும்பாலும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.யைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். ஒரு சொட்டு மதுவும் தொடாதவருக்கு வரும் கொழுப்பு ஈரலில் பெரும்பாலும் எஸ்.ஜி.பி.டி.தான் கூடுதலாக நிற்கும். இதுவும் உறுதியான சாட்சி அல்ல, குறிப்பு மட்டுமே. ஆனால் தொப்பை, சர்க்கரை, உட்கார்ந்தே பார்க்கும் வேலை, வாரம் தவறாத வலீமா பிரியாணி என்று வாழும் நமக்கு எது வாய்ப்பு அதிகம் என்று சொல்லவா வேண்டும்? கொழுப்பு ஈரலுக்கு உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தாலே ஈரலின் அழற்சி தணிகிறது. 80 கிலோ உள்ளவருக்கு அது 6 முதல் 8 கிலோ.

ரமலானில் கண் லேசாக மஞ்சளாகிறது என்று பயப்படுகிறவர்களும் உண்டு. கில்பர்ட் என்ற பிறவித் தன்மை உள்ளவர்களுக்குப் பட்டினியில் பிலிருபின் சற்றுக் கூடும், என்சைம்கள் சரியாகவே இருக்கும். இதனால் ஈரலுக்குக் கேடில்லை. ஆனால் அது கில்பர்ட்தானா என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

ரிப்போர்ட் வந்ததும் பலர் ஓடுவது கசாயத்துக்கு. கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி கிருமியை நீக்குகிறது என்று 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் இதழில் எழுதியது உண்மை. பின்னர் மற்ற இடங்களில் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதும் உண்மை. கொரோனா காலத்தில் சீந்தில் கசாயம் குடித்து ஈரல் பாதிக்கப்பட்டவர்களை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மூலிகை என்றால் தீங்கே இல்லை என்ற நம்பிக்கை நம்மிடம் கொஞ்சம் அதிகம்.

எண் சரியாக இருப்பதாலும் நிம்மதியாகிவிட முடியாது. ஈரல் சுருங்கி இறுகிப்போனவருக்கும் என்சைம்கள் சாதாரணமாக வரலாம். ஈரல் எப்படி வேலை செய்கிறது என்பதை அல்புமினும் இரத்தம் உறையும் நேரமும்தான் காட்டும்.

எனவே மருத்துவரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளோடு, சாப்பிடும் மாத்திரை, லேகியம், ஜிம் பவுடர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் வேண்டுமா என்று கேளுங்கள். காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எண்ணைப் பார்த்துப் பயந்து தாங்களாக நிறுத்த வேண்டாம். வாந்தி, பசியின்மை, மஞ்சள் தெரிந்தால் மட்டும் அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.