ஒரே சித்திரத்தில் இரு வேந்தர்

பதினேழாம் நூற்றாண்டில் அரசர் இருவரை இணைத்துத் தீட்டிய சித்திரங்களை வெறும் உருவப் படங்களாக நாம் கொள்ளலாகாது. அவை அரசியற் கருத்தைச் சொல்லாமற் சொல்லுவன. முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரும் பாரசீக மன்னர் ஷா அப்பாஸும் தழுவி நிற்கும் ஓவியம் இதற்குச் சிறந்த சான்று. 1618-ஆம் ஆண்டில் 'காலத்தின் அற்புதம்' என்னும் பொருளுடைய பட்டத்தை ஜஹாங்கீரிடம் பெற்ற அபுல் ஹசன், ஏறத்தாழ அக்காலத்திலேயே இதனை வரைந்தார். வாஷிங்டனிலுள்ள ஃபிரீர் கலைக்கூடத்தில் இஃது இருக்கிறது.

இவ்விரு வேந்தரும் தம் வாழ்நாளில் ஒருவரையொருவர் நேரிற் கண்டதில்லை. ஜஹாங்கீர் கண்ட கனவே இச்சித்திரம் என்று அதன்மீதுள்ள எழுத்துகள் கூறுகின்றன. கனவு என்றபின் விரும்பியவாறு அமைத்துக்கொள்ளத் தடையேது?

முதலில் உருவங்களை நோக்குவோம். ஜஹாங்கீர் பருத்த மேனியினர். பொன்னாடையும் மணிகளும் பூண்டு நிமிர்ந்து நிற்கிறார். ஷா அப்பாஸோ மெலிந்தவராய், எளிய உடையினராய், சற்றே பணிந்து தோன்றுகிறார். பின்னே கதிரவனும் பிறைமதியும் சேர்ந்த பேரொளி வட்டம். 'நூருத்தீன்', அதாவது 'மார்க்கத்தின் ஒளி', என்பது ஜஹாங்கீரின் பட்டப்பெயர். ஆகவே, அவ்வொளி எவருடையது என்பதை அன்றைய அரசவையினர் எளிதில் உணர்ந்திருப்பர். வட்டத்தைத் தாங்கும் சிறகுடைய குழந்தைகள் ஐரோப்பியச் சித்திரங்களினின்று வந்தவை.

அடுத்துக் காலடியைக் காண வேண்டும். மன்னர்கள் நிற்பது பூகோள உருண்டையின்மேல். ஜஹாங்கீரின் கீழே சிங்கமும், ஷா அப்பாஸின் கீழே செம்மறியாடும் படுத்திருக்கின்றன. புலியும் பசுவும் ஒரு துறையில் நீருண்ணும் என்று நல்லாட்சியைப் புகழ்வது நம் வழக்கு. அதுபோல இங்கும் அமைதியே பேசப்படுகிறது என்று முதற்பார்வையில் தோன்றும். ஆனால், இந்திய நிலத்தில் தொடங்கும் சிங்கத்தின் உடல் பாரசீகத்தின்மீதும் நீண்டு கிடக்கிறது. ஆடோ மத்தியதரைக் கடலை நோக்கி ஒதுக்கப்பட்டிருக்கிறது! மேலே தழுவல், கீழே ஆக்கிரமிப்பு.

இம்முரணுக்குக் காரணம் காந்தஹார் நகரம். வணிகப் பாதையிலும் படை செல்லும் வழியிலும் அமைந்த அக்கோட்டை 1595-இல் அக்பர் வசமாயிற்று. அதனை மீட்கப் பாரசீகம் காத்திருந்தது. சித்திரம் எழுந்து நான்கே ஆண்டுகள் சென்றபின், 1622-இல், ஷா அப்பாஸ் காந்தஹாரைக் கைப்பற்றினார். 1638-இல் ஷாஜஹான் அதனை மீண்டும் பெற்றும், 1649-இல் முகலாயர் அதனை இழந்தனர். பின்னர் அது அவர்கள் கைக்கு வரவேயில்லை. ஓவியத்தில் ஆடாக நின்றவர் களத்தில் சிங்கமானார்.

ஆதலின், இத்தகைய சித்திரம் நடந்ததைக் காட்டுவதினும், அரசர் எதை விரும்பினார், எதற்கு அஞ்சினார் என்பதையே மிகுதியும் காட்டுகிறது. டில்லியிலும் மும்பையிலும் வாழும் நம்மவர், அங்குள்ள அருங்காட்சியகங்களில் முகலாய ஓவியங்களைக் காணும் வாய்ப்புடையர். அப்பொழுது மன்னரின் முகத்தோடு நின்றுவிடாமல், தலைக்குப் பின்னும் காலுக்குக் கீழும் ஓவியர் வைத்தவற்றையும் நோக்குவோமாக.