பழுதும் புதுமையும்: பொதுச் செலவு யாருடையது?

"நான் தரைத்தளத்தில் குடியிருக்கின்றேன், மின்தூக்கியில் கால் வைப்பதேயில்லை. அதற்கு நான் ஏன் பணம் கட்டவேண்டும்?" அடுக்குமாடியில் வாழும் அன்பர் பலர் இவ்வாறு கேட்கின்றனர். கேள்வி நியாயமானதாகவே தோன்றும். சிங்கப்பூர்ச் சட்டம் இதற்கு என்ன விடை தருகின்றது என்பதை ஈண்டுக் காண்போம்.

தனியார் கூட்டுரிமைக் குடியிருப்புகளுக்கு 2004ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் உண்டு. ஒவ்வொரு வீட்டிற்கும் ஒரு பங்கு மதிப்புக் குறிக்கப்பட்டிருக்கும். மாதக் கட்டணம் அப்பங்கின் அளவினதேயன்றிப் பயன்படுத்தும் அளவினதன்று. கூரை மேல்மாடியாருக்கு மட்டும் உரியதன்று, மின்தூக்கியும் அவ்வாறே. ஆகவே தரைத்தளத்து அன்பர் கட்டியே ஆகவேண்டும்.

இக்கட்டணம் இரு நிதிகளாகப் பிரியும். அன்றாடத் துப்புரவு, காவல், விளக்கு ஆகியவற்றிற்கு ஒன்று. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெருஞ்செலவுக்கு மற்றொன்று. ஆங்கிலத்தில் 'சிங்கிங் பண்டு' எனப்படும் இரண்டாவதைச் சிலர் 'மூழ்கு நிதி' என மொழிபெயர்த்துவிட்டனர். கட்டிய பணம் மூழ்கிப் போயிற்றோ என்று படிப்பவர் அஞ்சமாட்டாரா? 'ஒதுக்கு நிதி' என்பதே பொருந்தும்.

வழக்கு முற்றுவது பழுதுபார்த்தலில் அன்று, புதுமை செய்தலில்தான். ஒழுகும் கூரையை அடைப்பது நிர்வாகக் கழகத்தின் கடமை. அதை எவரும் தடுத்தல் இயலாது. புதிதாக ஒரு விளையாட்டுக்கூடம் கட்டுவதோ மேம்பாடு. அதற்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். பதிவான வாக்குகளில், பங்கு மதிப்பின்படி, நூற்றுக்கு 75 பங்கு ஆதரவு தேவை. பதிவான வாக்குகளில் என்பதைக் கவனிக்க. கூட்டத்திற்கு வராமலும் பதிலாளை அனுப்பாமலும் இருந்தவர் எதிர்த்தவராகக் கொள்ளப்படார். ஆயினும் செலவில் அவருக்கும் பங்குண்டு! துருப்பிடித்த இரும்புக் கம்பித்தடுப்பை நீக்கிவிட்டுத் துருப்பிடியா எஃகு பதித்தால் அது பழுதுபார்த்தலா, மேம்பாடா? பூசல்களில் பெரும்பாலன இத்தகைய எல்லைக்கோட்டில் பிறப்பனவே.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் முறை வேறு. பொதுவிடங்களை நகர மன்றம் பேணும். மாதந்தோறும் அதற்குக் கட்டணம் செலுத்துகின்றோம். வீட்டிற்குள் நடைபெறும் மேம்பாட்டிற்கு 2007இல் அறிவிக்கப்பட்ட இல்ல மேம்பாட்டுத் திட்டம் உண்டு. ஒரு புளோக்கில் வாக்களிக்கத் தகுதியுள்ள குடிமக்கள் இல்லங்களுள் 75 விழுக்காடு இசைந்தாலே வேலை நடக்கும். உதிரும் காரையைச் சீர்செய்தல், கழிவுநீர்க் குழாய் மாற்றுதல் போன்ற இன்றியமையாப் பணிகளின் செலவைக் குடிமக்களுக்காக அரசே ஏற்கின்றது. குளியலறை, வாயிற்கதவு முதலியன விருப்பப் பணிகள்; இவற்றில் மூவறை வீட்டார் 5 விழுக்காடும், நாலறையார் 7.5 விழுக்காடும், ஐயறையார் 10 விழுக்காடும் தருவர். பெரிய வீட்டார் கூடுதலாகத் தரும் இம்முறை நேரியதென்றே எமக்குப் படுகின்றது.

இனி, மேல்வீட்டுக் குளியலறைத் தளம் கசிந்து கீழ்வீட்டுக் கூரை ஒழுகினால்? குற்றம் மேல்வீட்டாருடையதே எனக் கீழ்வீட்டார் சினப்பது இயல்பு. ஆனால் அத்தளம் ஒருவருக்குத் தரை, மற்றவருக்குக் கூரை; பழுதுபார்ப்பது இருவர் பொறுப்பு. கழகத்தின் நல்லெண்ண உதவித் திட்டத்தின் கீழ்ப் பாதிச் செலவைக் கழகம் ஏற்க, எஞ்சியதை இருவரும் சரிபாதியாகத் தருவர். மேல்வீட்டார் கதவைத் திறந்து, தம் தளத்தை உடைக்க இசையவேண்டும் என்பதுதான் இதில் கடினமான பகுதி.