கொல்லையில் நாலு கோழி... வாங்கும் முன் ஒரு நிமிஷம்!

‘கடை முட்டையை நம்ப முடியலீங்க. வீட்டுக்குப் பின்னால கொஞ்சம் இடம் சும்மாத்தான் கிடக்கு. நாலு நாட்டுக்கோழி வாங்கி விட்டா, பிள்ளைங்களுக்கு நல்ல முட்டையாவது கிடைக்குமில்லே?’

இப்படி ஓர் ஆசை உங்களுக்கும் உண்டா? பேஷ், தாராளமாக வளர்க்கலாம்! ஆனால் ஆசை ஆசையாகத் தொடங்கிய பலர், ஆறே மாதத்தில் கூண்டைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுகிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் பாதிக் கோழி செத்துக் கிடக்கும்; மீதிப் பாதி மறுநாள். இதைத் தடுக்கும் வேலை, கோழி வாங்குவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

முதலில் ஒரு விஷயம். பச்சை, ரோஸ் என்று சாயம் பூசித் தெருவில் விற்கும் குஞ்சுகளைப் பார்த்துக் குழந்தை அடம்பிடிக்கும். வாங்காதீர்கள். அவை பெரும்பாலும் முட்டைப் பண்ணைகளுக்குத் தேவைப்படாத சேவல் குஞ்சுகள். சூடு, தீனி, தடுப்பு மருந்து எதையும் கண்டிராதவை. வந்த வேகத்திலேயே செத்துப் போகும். தப்பிப் பிழைத்தாலும் முட்டை ஏது?

கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் பக்கத்தில் இருந்தால் அங்கே விசாரியுங்கள். இல்லாவிட்டால் நம்பிக்கையான வளர்ப்பாளரிடம், நாலைந்து மாதமான வெடைக்கோழிகளாக வாங்குங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அதுதான் சுலபம். அசல் நாட்டுக்கோழி வருடத்துக்கு 60 முதல் 80 முட்டை இடும். பன்னிரண்டு, பதினைந்து இட்டதும் ‘போதும்’ என்று அடைக்கு உட்கார்ந்துவிடும். நாலு கோழி இருந்தால் சராசரியாக வாரத்துக்கு ஐந்தாறு முட்டை, அவ்வளவுதான்! முட்டைதான் முக்கியம் என்றால் வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்தப்பட்ட இனங்கள் நூறைத் தாண்டும். குஞ்சு பொரிக்க வேண்டுமானால்தான் சேவல் தேவை. முட்டைக்கு வேண்டியதில்லை, விடியற்காலைக் கூவலால் பக்கத்து வீட்டுச் சண்டையும் மிச்சம்.

பகலில் மேயட்டும். ராத்திரிக்குப் பத்திரமான கூண்டு வேண்டும். ஐந்து கோழிக்கு நாலடிக்கு மூன்றடி போதும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், நெருக்கமான கம்பி வலை போட்டுச் செய்யுங்கள். கீரி, பூனை, சாரைப்பாம்பு மூன்றுக்கும் சின்னச் சந்து போதும்! உள்ளே உட்கார ஒரு குறுக்குக் கம்பு, மூலையில் வைக்கோல் போட்ட ஒரு உடைந்த பானை. முட்டை இட அதைவிட வசதி கோழி கேட்காது. படுக்கையறை ஜன்னலுக்குக் கீழேயும் கிணற்றங்கரையிலும் மட்டும் கூண்டு வேண்டாம்.

ஒரு நாள் குஞ்சாக வாங்கினீர்களா? அப்படியானால் முதல் நாலு வாரம் நீங்கள்தான் தாய்க்கோழி. முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு வேண்டும். வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைக்கலாம். இருபது குஞ்சுக்கு ஒரு 60 வாட் குண்டு பல்பு போதும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது, மறந்துவிடாதீர்கள். தெர்மாமீட்டர் இல்லையா? குஞ்சுகளையே பாருங்கள். பல்புக்கடியில் ஒன்றன் மேல் ஒன்று நெருக்கியடித்தால் குளிர். விலகிப்போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். தண்ணீர்த் தட்டில் நாலு கூழாங்கல் போடுங்கள், விழுந்து மூழ்காது.

தீனிக்குக் கம்பு, சோளம், குருணை, கீரைக் கழிவு எல்லாம் சரி. ஓட்டுக்குக் கொஞ்சம் கிளிஞ்சல் தூள். ஊறுகாய், உப்புக் கருவாட்டு மிச்சம், பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு... இந்த மூன்றும் கூடவே கூடாது. கிராமத்தில் பழைய பானைக்குள் கிழிந்த சாக்கும் காய்ந்த சாணமும் போட்டு, தண்ணீர் தெளித்துக் கவிழ்த்து வைப்பார்கள். மறுநாள் பானை நிறையக் கரையான்! காசில்லாத புரதம் அது.

வெள்ளைக் கழிச்சல்

இனிதான் முக்கியமான விஷயம். கொல்லைக் கோழிகளைக் கூண்டோடு காலி செய்வது ‘ராணிகேத்’ என்ற வைரஸ் நோய். இமயமலைப் பகுதி ஊர் ஒன்றின் பெயர் அது. 1920-களில் இந்தியாவில் அங்கேதான் இந்த நோயை அடையாளம் கண்டார்கள். வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், கொர் கொர் என்று மூச்சு வாங்கும், சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். வந்துவிட்டால் மருந்தே கிடையாது. சின்ன வெங்காயம், சீரகம், மஞ்சள் அரைத்துக் கொடுப்பது நம் வழக்கம். கொடுங்கள், தப்பில்லை, ஆனால் அதை நம்பித் தடுப்பு மருந்தைத் தள்ளிப் போடாதீர்கள்!

குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாவது வாரம் லசோட்டா மருந்து. எட்டாவது வாரம் இறக்கைக்கடியில் ஊசி. அதன் பிறகு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்பதைக் கால்நடை டாக்டர் சொல்வார். கொசுவால் பரவும் கோழி அம்மைக்கும் தனியாக ஊசி உண்டு, அதையும் கேளுங்கள். வளர்ந்த கோழியாக வாங்கினால், ‘எப்போ, என்ன ஊசி போட்டீங்க?’ என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. விலை அப்புறம். வாங்கி வந்ததை இரண்டு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுப் பழைய கோழிகளோடு விடுங்கள்.

இந்த மருந்தில் இருப்பது உயிருள்ள வைரஸ். சட்டைப் பையில் போட்டு, வெயிலில் பஸ் பிடித்துக் கொண்டுவந்தால் அது வெறும் தண்ணீர்தான். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டு வாருங்கள். கலக்கியதும் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். குடிநீரில் கொடுப்பதானால் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் உதவாது. ஒரு குப்பி நூறு கோழிக்கும் மேல் வரும். ஆகவே தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே நாளில் சேர்ந்து போட்டால் செலவு குறையும்; பக்கத்து வீட்டுக் கோழியிடமிருந்து உங்கள் கோழிக்கு வருகிற ஆபத்தும் குறையும். அரசு கால்நடை மருந்தகத்தில் ஊசி முகாம் எப்போது என்றும் கேட்டு வையுங்கள். மருந்து போட்ட கையோடு கண்ணைக் கசக்காதீர்கள். இந்த வைரஸ் மனிதர்களுக்குக் கண் சிவப்பை உண்டாக்கும். சில நாளில் சரியாகிவிடும் என்றாலும் எதற்கு வம்பு?

வீட்டில் உள்ளவர்களுக்கு...

கோழி பார்க்க ஜம்மென்று இருக்கும். ஆனாலும் அதன் குடலில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் சில நாள் வயிற்றுப்போக்கோடு போகும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களுக்கு ஆஸ்பத்திரி வரை இழுத்துவிடும். குஞ்சை முகத்தோடு அணைத்து முத்தம் கொடுக்க விடாதீர்கள். கோழியைத் தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கூண்டுக்கென்று ஒரு ஜோடி செருப்பு, அது வாசலோடு நிற்கட்டும். காய்ந்த எச்சத்தின் தூசி வீசிங் உள்ளவர்களுக்கு ஆகாது. தண்ணீர் தெளித்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு கூட்டுங்கள். கோழிகள் திடீரென்று கொத்துக் கொத்தாகச் செத்தால் கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். 2006-ல் மகாராஷ்டிராவில் தலைகாட்டிய பறவைக் காய்ச்சல், அதன் பிறகு நம் நாட்டில் பலமுறை வந்துவிட்டது. செத்ததைக் குழம்பு வைக்கும் யோசனையே வேண்டாம்.

முட்டையை எடுத்ததும் கழுவி வைக்காதீர்கள். ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விடும், கிருமி உள்ளே நுழைய வழியாகும். உலர்ந்த துணியால் துடைத்து வைத்துச் சமைக்கும்போது கழுவினால் போதும். கரு நல்ல மஞ்சளாக இருப்பது கோழி தின்ற கீரையின் உபயம். ஓட்டின் நிறத்துக்கும் சத்துக்கும் சம்பந்தமில்லை. கோழிக்கு மருந்து கொடுத்தால், எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

‘வயசுக்கு வந்த பொண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்தாத்தான் இடுப்பு எலும்பு பலப்படும்’ என்று பாட்டி சொல்வார். சத்து கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் சரிதான். பச்சையாக என்பதுதான் இடிக்கிறது. வேகவைத்த முட்டையின் புரதத்தில் பத்தில் ஒன்பது பங்கு உடம்பில் சேரும். பச்சையாகக் குடித்தால் ஏறக்குறைய பாதிதான். கிருமி பயம் வேறு. அதே முட்டையை அதே நல்லெண்ணெயில் நன்றாக வேகும்படி பொரித்துக் கொடுங்கள். பாட்டியும் கோபித்துக்கொள்ள மாட்டார், பெண்ணும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட மாட்டாள்.