உங்களுக்குத் தெரியுமா? ஒரு துளி ஈரம் போதும்!

தண்ணீரில் போட்டதும் நுரைத்துக் கரையும் மாத்திரைகளில் பெரும்பாலும் இருப்பவை சிட்ரிக் அமிலமும் ஆப்பசோடாவும்தான். ஆப்பசோடா (சோடியம் பைகார்பனேட்) ஓர் அமில உப்பு. நீர் பட்டதும் இரண்டும் வினைபுரிய, கார்பன் டை ஆக்சைடு பொங்குகிறது. 1 கிராம் ஆப்பசோடா சுமார் 0.5 கிராம் வாயு தரும்.

இந்த வினையில் புதிதாக நீரும் உண்டாகிறது. அதனால் துளி ஈரம் பட்டாலே வினை தானாகத் தொடரும்! இதைத் தணிக்கவே, ஈரத்தை அதிகம் இழுக்காத மோனோசோடியம் சிட்ரேட் என்ற அமில உப்பையும் சேர்ப்பதுண்டு.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளில் உப்பு ஜாடியே கசியும். மாத்திரைக் குழாயை உடனே இறுக மூடுங்கள். மூடிக்குள் உள்ள சிலிக்கா ஜெல்லை எறியாதீர்கள்.

கவனம்: 1 கிராம் ஆப்பசோடாவில் 0.27 கிராம் சோடியம் உண்டு. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபிறகே அருந்துங்கள்.